வாகனத்தைத் திருப்ப இடமுள்ள இடத்திலேயே மறியுங்கள்

திருகோணமலைக் கோட்டை வாசலை நீண்ட விடுமுறை ஞாயிறு ஒன்றில் பார்த்தவர்களுக்கு, மலைநாட்டுப் பள்ளத்தாக்கு ஒன்று வாகனத்தால் எப்படி அடைபடும் என்று தனியாக விளக்கத் தேவையில்லை. பிரெட்ரிக் கோட்டையின் வாசல் குதிரையும் வண்டியும் போன காலத்தில் கட்டியது. ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் புகலாம். உள்ளே ஒரே வீதி. அது ஏறி முடிகிற இடத்தில் கோணேசர் கோயில், பக்கத்தில் இராவணன் வெட்டு, கீழே கடல். போனவர் போன வழியாலேயே திரும்ப வேண்டும். ஒரு பக்கம் பின்குடா, மறுபக்கம் டச்சுக்குடா. இடையில் இன்னொரு ரோடு போட ஒருவராலும் ஏலாது. பள்ளத்தாக்கில் கடலுக்குப் பதிலாக மலைச்சரிவு நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சித்திரையில் நாங்கள் வான் பிடித்து நுவரெலியா போகிறோம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை மற்ற ஊர்கள் எல்லாம் இங்கே வருகின்றன. இரண்டு இடத்திலும் நெரிசலைக் கண்டவுடன் ஒருவர் "ரோட்டை அகலமாக்கு" என்பார், அடுத்தவர் "மேலே பார்க்கிங் கட்டு" என்பார். இரண்டும் பொருந்தாத மருந்து.

கணக்கைப் பாருங்கள். மேலே 120 வாகனம் நிற்க இடமிருக்கிறது, ஒரு வாகனம் சராசரியாக ஒன்றரை மணித்தியாலம் நிற்கிறது என்று வையுங்கள். 120ஐ 1.5ஆல் பிரித்தால் 80. மணிக்கு 80 வாகனத்துக்கு மேல் அந்த இடம் ஏற்காது. ரோட்டை நான்கு வழியாக்கினாலும் அதே 80தான். காத்து நிற்கிறவர்கள் ஒரு வரிசைக்குப் பதிலாக நான்கு வரிசையில் நிற்பார்கள். உண்மையில் 80கூட இல்லை. கடைசிப் பத்துப் பன்னிரண்டு இடங்களை ஆட்கள் சுற்றிச் சுற்றித்தான் கண்டுபிடிப்பார்கள். அந்தச் சுற்றலே பாதி நெரிசல். அதனால் 90 சதவீதம் நிரம்பியதும் "நிறைந்தது" என்று சொல்லிவிட வேண்டும். 108 இடம், மணிக்கு 72 வாகனம். பூசை நாளில் ஆட்கள் இரண்டு மணித்தியாலம் நிற்பார்கள் என்றால் அதுவும் 54ஆக இறங்கும். நிற்கும் நேரம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஆனால் எண்ணுகிறவர்கள் எப்போதும் வாகனத்தையே எண்ணுகிறார்கள், நேரத்தை எழுதுவதில்லை.

இந்த 72ஐ எங்கே நின்று மறிப்பது? பெரும்பாலான இடங்களில் மேலே, பார்க்கிங் வாசலில் மறிக்கிறார்கள். எழுபத்து மூன்றாவது வாகனம் அங்கே வந்து நின்றால் பின்னால் ஏற்கெனவே இருபது நிற்கும், திரும்ப முடியாது. பெரிய பஸ் ஒன்று ஒரே முயற்சியில் திரும்ப ஏறக்குறைய 25 மீற்றர் விட்டமுள்ள வெளி வேண்டும். மலை ரோட்டில் அப்படி வெளி கிடைப்பது அருமை. ஆகவே மறிக்கும் இடம், பஸ் திரும்பக்கூடிய கடைசிச் சந்தி. அது மேலிருந்து ஐந்து கிலோமீற்றர் கீழே இருந்தாலும் சரி, அங்கேதான் அறிவித்தல் பலகை, அங்கேதான் ஆள். மேலே எண்ணுகிறவருக்கும் கீழே மறிப்பவருக்கும் இடையில் பேச வோக்கி வேண்டும். பள்ளத்தாக்கில் போன் சிக்னலை நம்பக்கூடாது. வோக்கியும் வளைவுக்கு அப்பால் கேளாது. நடுவில் மேடான இடத்தில் ஒருவரை நிறுத்தி, அவர் கேட்டுச் சொன்னால் வேலை நடக்கும்.

ரோடு அடைபடுகிற விதத்தைக் கிட்ட நின்று பார்த்தால் குற்றவாளி கூட்டம் அல்ல என்று தெரியும். கடைசி வளைவில் கேடிஎச் வான் ஒன்று அம்மம்மாவை இறக்க நிற்கிறது. இழுகதவு திறக்கிறது. அம்மம்மா இறங்க முதல் அவவின் செருப்பைத் தேட வேண்டும். பிறகு அர்ச்சனைத் தட்டு, தண்ணீர்ப் போத்தல், தூங்குகிற பிள்ளை. இரண்டு நிமிடம். பின்னால் வந்த ஓட்டோ வலப்பக்கத்தால் முந்துகிறது, அதன் வாலில் இன்னொரு ஓட்டோ. மேலிருந்து பஸ் இறங்குகிறது. ஏறுகிற வாகனத்துக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மலை ரோட்டின் வழக்கம். ஆனால் பஸ்ஸுக்குப் பின்னால் பதினைந்து வாகனம் முட்டிக்கொண்டு நிற்கிறது, பின்னெடுக்க ஏலாது. இனி அரை மணித்தியாலம். இதற்கு மருந்து வளைவுக்கு 30, 40 மீற்றர் முன்னால், ஓடுபாதைக்கு வெளியே, மூன்று வான் நீளத்துக்கு ஓர் இறக்குமிடம். அதோடு விசிலும் பொறுமையும் உள்ள ஓர் ஆள். இரண்டும் இருந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். பலகை மட்டும் வைத்தால் அதற்குக் கீழேயே வானை நிறுத்துவார்கள்.

நுழைவுக் கட்டணம் வாங்கும் இடமும் அப்படித்தான். சாரதி காசு தேடி, மிச்சம் வாங்கி, துண்டைக் கண்ணாடியில் செருக 40 செக்கன் போகும். அப்படியென்றால் மணிக்கு 90 வாகனம். வருவது 150 என்றால் ஒவ்வொரு மணிக்கும் 60 பின்னால் சேரும். வான் ஒன்றுக்கு இடைவெளியோடு ஏழு மீற்றர் வைத்தால் 420 மீற்றர் வால். அந்த வால் பிரதான வீதிக்கு வந்ததும் கோயிலுக்கே போகாதவனும் மாட்டிக்கொள்வான். கூண்டுக்குள் இருந்து டிக்கட் கொடுப்பதை விட்டு, இரண்டு பேர் வரிசையோடு நடந்து முன்கூட்டியே வாங்கிவிட்டால் வாசலில் துண்டைப் பார்க்கப் பத்துச் செக்கன் போதும். சில்லறை பிடிக்காத வட்டத் தொகை வையுங்கள்.

ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய குறுகிய துண்டு நடுவில் இருந்தால், மாறி மாறி விடுவதுதான் வழி. 400 மீற்றர்த் துண்டை மணிக்கு 15 கிலோமீற்றரில் கடக்க ஏறக்குறைய 96 செக்கன் எடுக்கும். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அந்த ஒன்றரை நிமிடம் வீண். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் நாளின் பெரும்பகுதி வெறும் ரோடாகவே போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் காத்து நிற்கும் வால் கட்டுக்கடங்காது. ஐந்து, ஆறு நிமிடம் சரியாக வரும். கடைசியாக விடும் வாகனத்தின் கையில் சிவப்புக் கொடி ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். அந்தக் கொடி மறுமுனைக்கு வந்து சேரும்வரை அங்கிருந்து ஒன்றும் புறப்படக்கூடாது. பற்றறி தேவையில்லாத சிக்னல்.

இனி ஷட்டில் பஸ். "கீழே நிறுத்து, பஸ்ஸில் ஏறு" என்று எல்லாரும் சொல்கிறார்கள், எத்தனை பஸ் என்று கணக்குப் பார்க்கிறவர் குறைவு. கோணேசர் மலை அளவுள்ள ஓர் ஏற்றத்தை வைத்துப் பார்ப்போம். ஏற ஆறு நிமிடம், இறங்க ஆறு, இரண்டு முனையிலும் ஏற்றி இறக்க நான்கு நான்கு. ஒரு சுற்று 20 நிமிடம். 29 ஆசன ரோசா பஸ் நான்கு ஓடினால் மணிக்குப் பன்னிரண்டு நடை, 348 பேர். வாகனம் ஒன்றில் எட்டுப் பேர் என்றால் அந்த 72 வாகனத்தில் வருவது 576 பேர். நான்கு பஸ் காணாது, ஏழு வேண்டும். இந்த இடத்தில்தான் திட்டங்கள் படுக்கின்றன: நான்கு பஸ்ஸோடு தொடங்கி, ஆட்கள் வெயிலில் நின்று திட்டி, இரண்டாம் கிழமை பழையபடி வாகனத்தை உள்ளே விட்டுவிடுவார்கள். ஆனால் நடக்கக்கூடியவரை நடக்க வைத்தால், பாதிப்பேர் நடந்தாலே நான்கு பஸ் தாராளம். அதற்கு நிழல் வேண்டும், இடையில் இருக்கக் கட்டு வேண்டும், தண்ணீர் வேண்டும். பஸ் வாங்குவதைவிட மரம் நடுவது மலிவு, ஆனால் திறப்பு விழா வைக்க ஏலாது.

வாசலுக்கு வரும் ஆறுதலையும் பாருங்கள். 72 வாகனம் போய்த் திரும்ப, அந்த ஒற்றை வாசலை மணிக்கு 144 தடவை கடக்கும். நான்கு பஸ் என்றால் 24 தடவை.

ஷட்டில் பஸ்ஸுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு வைக்காதீர்கள். பத்துப் பேர் வந்த குடும்பம் பத்து டிக்கட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு ஓட்டோவைப் பிடித்து ஏறிவிடும். பார்க்கிங் கட்டணத்துக்குள் பஸ்ஸையும் சேர்த்துவிட வேண்டும். அடுத்தது, ஆட்கள் வருவது சொட்டுச் சொட்டாக, போவது குடம் உடைந்த மாதிரி. பூசை முடிந்ததும் 400 பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். அது பதினான்கு நடை. பூசை முடியக் கால் மணித்தியாலம் முன்னமே பஸ்கள் வெறுமனே மேலே ஏறிக் காத்து நிற்க வேண்டும். நெருக்கடி என்று சாய்வான ரோட்டில் ஆட்களை நிற்க வைத்து இறக்கக்கூடாது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நாள் முழுக்க ஏறி இறங்குகிற பஸ்ஸில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் பிரேக் பிடி விடும். பழைய பிரேக் எண்ணெயில் ஈரம் ஊறியிருந்தால் அது இன்னும் கெதியாகக் கொதிக்கும். அந்த எண்ணெயை மாற்றும் திகதியைப் பஸ்ஸின் உள்ளேயே ஒட்டி வைப்பது நல்லது.

கீழ்ப் பார்க்கிங் வெற்றி பெறுமா என்பதை இரண்டு விடயம் தீர்மானிக்கும். ஒன்று மலசலகூடம். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ மணிக்கணக்காக வந்தவர் முதலில் தேடுவது கோயிலை அல்ல. கழிப்பறை மேலே மட்டும் இருந்தால் ஒருவரும் கீழே நிற்கச் சம்மதியார். மற்றது சாரதி. ஹையர் போகிற சாரதிக்கு அங்கே நிழலும் தேத்தண்ணியும் காலை நீட்ட ஒரு வாங்கும் இல்லாவிட்டால், "ஆட்களை விட்டிட்டு வாறன் அண்ணை" என்று காவலாளியோடு பேசிப் பேசி மேலே ஏறிவிடுவார். அங்கே கடைக்காரரிடம் அவருக்குக் கமிசனும் இருக்கும். சாரதியைக் கணக்கில் எடுக்காத திட்டம் ஒரு சீசன்கூடத் தாங்காது.

மண் பற்றியும் சொல்ல வேண்டும். மலை ரோட்டின் ஓரத்தில் ரயர் ஏறினால் மண் இறுகும், வேர் செத்துப்போகும், ஓரக்கான் நசுங்கும். அடுத்த மழையில் கானால் போக வேண்டிய தண்ணீர் ரோட்டால் ஓடி, கீழ்ப் பக்கத்து விளிம்பை அரிக்கும். மண்சரிவு பல இடங்களில் இப்படித்தான் தொடங்குகிறது. "வாகனம் நிறுத்தாதே" பலகை இதைத் தடுக்காது. 1.2 மீற்றர் இடைவெளியில் கல்லோ கட்டையோ நட்டுவிட்டால் கார் ஏறாது, சக்கர நாற்காலி போகும். பள்ளத்தாக்கில் இன்னொரு கரைச்சலும் உண்டு: விடியப்புறம் குளிர் காற்று அடியில் தேங்கி நிற்கும், இயந்திரத்தை ஓடவிட்டு நிற்கிற பஸ்களின் புகை அதற்குள்ளேயே சுற்றும். இங்கே கடல் காற்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. எங்களுக்குள்ள நலிவு வேறு: கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள். வாகனம் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுப் பொதி, பொதி இருக்கிற இடத்தில் பொலித்தீன், அது மானின் வயிற்றில். மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் அங்கே ஓடத் தேவையேயில்லை.

வெளியூர்களில் என்ன செய்தார்கள்? சுவிற்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குள் பெற்றோல், டீசல் கார் போகாது. ஐந்து கிலோமீற்றர் கீழே டேஷ் என்ற ஊரில் விட்டுவிட்டு, பன்னிரண்டு நிமிடம் ரயிலில் ஏற வேண்டும். அமெரிக்காவின் சயன் பள்ளத்தாக்கில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஷட்டில் ஓடுகிறது; அது ஓடுகிற காலத்தில் சொந்தக் கார் உள்ளே இல்லை. அங்கே எனக்குப் பிடித்தது, பள்ளத்தாக்குக்குள் ஒரு சுற்றும் வெளியே உள்ள ஊருக்குள் இன்னொரு சுற்றுமாக இரண்டு பஸ் வழி வைத்ததுதான். ஊர்க் கடைகளின் வாசலிலேயே ஆட்கள் ஏறி இறங்குவார்கள். கடைக்காரர் எதிர்த்தால் எந்தத் திட்டமும் நிலைக்காது. அமெரிக்காவிலேயே உள்ள யொசெமிற்றித் தேசியப் பூங்காவில் முன்பதிவு வைத்தபோது காலை ஆறு மணிக்கு முன் போனால் பதிவு தேவையில்லை என்றார்கள். பிறகென்ன, ஐந்தரைக்கே கார் வரும்.

பக்கத்தில் நீலகிரியும் கொடைக்கானலும் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7இல் இ-பாஸ், அதாவது வாகனத்துக்கு இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி, வந்தது. முதல் வருடம் எண்ணிக்கை மட்டும்தான், கேட்டவருக்கெல்லாம் பாஸ். அதைப் பலர் பகிடி பண்ணினார்கள், எனக்கு அது சரியாகவே படுகிறது: எண்ணாமல் உச்சவரம்பு போட முடியாது. 2025 ஏப்ரலில் வரம்பு வந்தது: நீலகிரிக்குக் கிழமை நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனத்துக்கும் அரச பஸ்ஸுக்கும் விலக்கு. ஆனால் கூட்டம் மிகுந்த நாளுக்கு வரம்பைக் கூட்டி வைத்தது ஏன் என்றுதான் விளங்கவில்லை. ரோடு சனிக்கிழமையில் அகலமாவதில்லை.

கோணேசர் மலைக்கு முன்பதிவு வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. அது பார்வையிடும் இடம் மட்டுமல்ல, கும்பிடும் இடம். வெள்ளிக்கிழமை விரதக்காரரிடம் கியூஆர் கோட் கேட்க ஏலாது. கோட்டை தொல்லியல் இடம், உள்ளே இராணுவ முகாமும் இருக்கிறது; புதிதாகப் பார்க்கிங் கட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. வாசலில் மறித்து விடுகிற வேலை ஏற்கெனவே நடக்கிறது என்பதால் எண்ணி விடுவது பெரிய மாற்றமும் அல்ல. காலைப் பூசை நேரத்தை ஊராருக்கு விட்டுவிட்டு, சுற்றுலா வாகனத்தைக் கோட்டைக்கு வெளியே நிறுத்தி, வயதானவரைப் பஸ்ஸிலும் மற்றவரை நடையிலும் அனுப்பலாம். மைதானத்தைப் பார்க்கிங்காக்குகிற யோசனையை மட்டும் வேண்டாம் என்பேன். ஒரு மாரிக்குள் புல் போய்ச் சேறு வரும், பந்தடிக்கிற பிள்ளைகளுக்குப் பிறகு இடமில்லை.

முதலில் தேவை நிற்கும் நேரம். ஒரு சாதாரண சனி, ஒரு போயா விடுமுறை: இரண்டு நாள். வாசலில் உள்ளே போகிற பக்கம் ஒருவர், வெளியே வருகிற பக்கம் ஒருவர். ஒவ்வொரு வாகனத்தின் இலக்கத் தகட்டில் கடைசி நான்கு இலக்கம், நேரம், வகை: ஓட்டோ, கார், வான், பஸ். பின்னேரம் இரண்டையும் பொருத்திக் கழித்தால் ஒவ்வொரு வகையும் எவ்வளவு நேரம் நின்றது என்று வந்துவிடும். பொருந்தாதவை கொஞ்சம் மிஞ்சும், அவற்றை விட்டுவிடலாம். மொத்தச் செலவு இரண்டு கொப்பி, இரண்டு பேனை, இரண்டு குடை.