கடலுக்குப் போகிற ஊரில் ஒரு நாக் அவுட் கோப்பை

கால்பந்துக் கோப்பை என்றால் எங்கள் கரைக்கு நாக் அவுட்தான் சரி, தோற்றால் அதோடு வெளியே. லீக் என்றால் மாசக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பதினோரு பேர் கரையில் இருக்கணும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று குமரி மாவட்டத்தின் இந்த மேற்கு ஓரத்தில் எந்த ஊரிலும் அது நடக்கிற காரியம் இல்லை, ஏனென்றால் பந்து ஆடுகிற பையன்களில் பலரும் ஆழ்கடலில் தங்கல் தொழில், அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற வேலை, செய்கிறவர்கள், கொச்சியில் போட்டில் (படகில்) ஏறினால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கிறிஸ்துமஸுக்குத்தான் எல்லாரும் ஊரில் இருப்பார்கள். அந்த நாட்களுக்குள் ஒரு கோப்பையைத் தொடங்கி முடிக்க வேண்டும்.

போன டிசம்பரில் கிளப் செயலாளராக எங்கள் டீமை அப்படி ஒரு கோப்பையில் இறக்கினேன். இந்த வருடம் புதிதாக டீம் இறக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தலைவலி பெயர்ப் பட்டியல். எண்ட்ரி பீஸோடு 18 பேரின் பெயர், போட்டோ, ஆதார் நகல் எல்லாம் நவம்பர் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும், கொடுத்த பிறகு ஒரு பெயரைக்கூட மாற்ற முடியாது. ஆனால் அந்த நேரத்தில் பாதி டீம் கடலில் கிடக்கும், போன் எடுக்காது. அதனால் வீடு வீடாகப் போய் அம்மாமார்களிடமும் பெண்டாட்டிமார்களிடமும் எந்தப் போட்டு எப்போது கரைபிடிக்கும் என்று கேட்டு, அதை வைத்துத்தான் லிஸ்ட் போட்டேன். கோச் போடுகிற லிஸ்ட்டைவிட அவர்கள் சொல்கிற கணக்கு பிசகாது.

அப்புறம் ஃபிக்ஸ்சர். மொத்தம் 22 டீம். நாக் அவுட்டில் 32 கட்டம் நிரம்ப வேண்டும் என்பதால் 10 டீமுக்கு பை கிடைக்கும், அதாவது முதல் ரவுண்டு ஆடாமலே அடுத்ததுக்குப் போகலாம், மீதி 12 டீம் ஆறு ஆட்டம் ஆடி, இரண்டாம் ரவுண்டில் 16 டீம் நிற்கும். சீட்டு எடுக்கும்போது எல்லாரும் பை விழணும் என்று வேண்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அதில் ஆசை இல்லை. அந்த மணல் மைதானத்தில் பந்து எழும்பாது, சாயங்காலம் கடற்காற்று வேறு இழுக்கும், ஒரு ஆட்டம் ஆடிப் பழகின டீமுக்கு அடுத்த ஆட்டத்தில் கால் நிற்கும். எங்களுக்கு பை விழவில்லை, முதல் ரவுண்டைச் சிரமம் இல்லாமல் தாண்டினோம்.

இரண்டாவது ஆட்டம் ஜெயித்த அன்றைக்கு ராத்திரியே எதிர் டீம் கமிட்டியிடம் புரோட்டஸ்ட் (புகார்) கொடுத்துவிட்டது. ஒரு டீமுக்கு இரண்டு கெஸ்ட் பிளேயர், அதாவது வெளியூர் ஆட்டக்காரர்தான் அனுமதி. இந்தப் பக்கத்துப் பையன்கள் மாநிலங்களுக்கு இடையே நடக்கிற சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டு டீமில் ஆடுகிறவர்கள், எல்லைக்கு அந்தப்பக்கம் பொழியூரிலிருந்து கேரளா டீமுக்குப் போகிறார்கள், அதனால் கெஸ்ட் விஷயத்தில் எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். எங்கள் லெஃப்ட் விங் பையன் பொழியூரில் பெண் கட்டியவன், அவனையும் கெஸ்ட் கணக்கில் சேர்க்கணும் என்று வாதம். ஆதாரில் எங்கள் ஊர் விலாசம் இருந்தது, பங்குத்தந்தையிடம் ஒரு கடிதமும் வாங்கிக் கொடுத்தேன், கமிட்டி புரோட்டஸ்டைத் தள்ளியது. இந்த மாதிரிக் காகிதங்களை முதலிலேயே ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பத்து மணிக்குத் தேடி அலைய முடியாது.

கால் இறுதியை மறக்க மாட்டேன். 1-1. இருட்டிவிடும் என்பதால் எக்ஸ்ட்ரா டைம் கிடையாது, நேரே டை பிரேக்கர், ஆளுக்கொரு பெனால்டி கிக். கடைசி விசில் ஊதும்போது உள்ளே நிற்கிறவர்கள்தான் கிக் எடுக்க முடியும். இதை நினைவில் வைத்து, முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்கள் கோச் ஒரு பையனை இறக்கினார். அன்றைக்குக் காலையில்தான் அவன் போட்டு கொச்சியில் கரைபிடித்தது, பஸ்ஸில் வந்து நேரே மைதானத்துக்கு வந்திருந்தான். “அண்ணே, ஓட முடியாது, கால் தரையில நிக்கல்ல” என்றான். “ஓட வேண்டாம் மக்கா, அடிச்சா போதும்” என்றார் கோச்.

ஐந்தாவது கிக் அவனுக்கு. ஸ்பாட்டில் மணலை உள்ளங்கையால் தட்டிச் சமப்படுத்தி, காற்றடிக்கிற ஓட்டை தன் பக்கம் இருக்கும்படி பந்தை வைத்தான். அடித்தான், கீப்பர் பிடித்துவிட்டார். எதிர்ப்பக்கம் கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தபோது ரெஃப்ரி விசில் ஊதினார். பந்தை அடிக்கும் முன்னே கீப்பரின் இரண்டு காலும் கோல் லைனை விட்டு முன்னால் வந்துவிட்டன, திரும்ப அடிக்கணும். அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் அந்த முடிவைச் சொல்லத் தைரியம் வேண்டும், அந்த ரெஃப்ரிக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். இரண்டாவது தடவை பந்து வலது மூலையில் போய் விழுந்தது. எங்கள் ஆட்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அரை இறுதியில் 1-0 தோல்வி. அவர்கள் நன்றாக ஆடினார்கள், அதில் பேச ஒன்றும் இல்லை.

கமிட்டியிடம் ஒன்றைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை இரண்டு பெயரை மாற்ற விடுங்கள். கடலில் இருக்கிற பையன் வருவானா மாட்டானா என்று நவம்பரில் யாராலும் சொல்ல முடியாது. மற்ற ஊர்க் கிளப்களும் இதையே கேட்டால் கிடைத்துவிடும், நீங்களும் ஒரு கடிதம் கொடுங்கள்.