ஆர்.சி.யிலிருந்து என் பெயர் போகும் வரை

அப்பாவுக்குக் கண் பார்வை மங்கத் தொடங்கியதும் எங்கள் வேகன் ஆர் வாசலோடு நின்றுவிட்டது. 2013-ல் என் பெயரில் வாங்கிய வண்டி. ஓட்டியதெல்லாம் அவர்தான், நான் பள்ளிக்கூடம் போய்வருவது ஸ்கூட்டரில். ஆறு மாதத்தில் இரண்டு தடவை பேட்டரி இறங்கிப் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில், கோடை விடுமுறைக்குள் விற்றுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பழைய கார் வாங்கி விற்கும் கடை ஒன்றில் முதலில் கேட்டேன். வண்டியை ஒரு சுற்று சுற்றி, பம்பரில் இருந்த கீறலை விரலால் தடவி, 1,85,000 என்றார்கள். 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, சிங்கிள் ஓனர், சர்வீஸ் பில் அத்தனையும் பத்திரமாக இருந்தன. இதே வயது வண்டிகளுக்கு ஆன்லைனில் இரண்டரை லட்சத்துக்கு மேல் விலை போட்டிருந்தார்கள். சரி, நாமே விற்றுப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

பயம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் விலையைப் பற்றியதல்ல. எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரின் கணவர் பல வருடங்களுக்கு முன் பைக்கை விற்றவர். ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு மறந்தேவிட்டார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. வண்டி இரண்டு மூன்று கை மாறி ஏதோ ஓர் ஊரில் விபத்தில் சிக்க, காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது இவருக்கு. சட்டத்தின் கண்ணில் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆகவே பணம் கைக்கு வருவதோடு விற்பனை முடிவதில்லை, ஆர்.சி.யிலிருந்து என் பெயர் போகிற நாள்தான் முடிவு என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பேப்பர்களை எடுத்துப் பார்த்தபோதுதான் முதல் அடி. வண்டிக் கடனை 2018-லேயே அடைத்துவிட்டோம். ஆனால் ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. கடன் முடிந்ததும் வங்கி கொடுத்த தடையில்லாச் சான்றையும் 35-ஆம் ஃபார்மையும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து ஹெச்.பி. கேன்சல், அதாவது ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவை நீக்கும் வேலையை, செய்திருக்க வேண்டும். அப்பா அவற்றை எல்.ஐ.சி. பாண்டுகளோடு பீரோவில் பூட்டி வைத்திருந்தார். அந்தச் சான்றுக்கு ஆயுள் மூன்று மாதம்தான். மறுபடி வங்கிக்கு நடந்தேன். கடன் கணக்கு வேறு கிளைக்குப் போய்விட்டது என்றார்கள், அங்கே போனால் மேனேஜர் லீவு என்றார்கள். புதுச் சான்று கைக்கு வரப் பதினோரு நாள்.

அடுத்தது மொபைல் எண். வாகனப் பதிவுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் எதைத் தொட்டாலும் ஓ.டி.பி. கேட்கிறது. அது என் போனுக்கு வரவே இல்லை. விசாரித்தால், வண்டி வாங்கிய அன்று ஷோரூம் பையன் தன் நம்பரையே பதிவு செய்திருக்கிறான்! சேசிஸ் எண், எஞ்சின் எண் எல்லாம் கொடுத்து என் எண்ணுக்கு மாற்றினேன். அதன் பிறகுதான் இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று பார்க்க முடிந்தது. இருந்தது. என் தம்பி என்றோ சீட் பெல்ட் போடாமல் போனதற்கு ஆயிரம் ரூபாய். அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு கும்பிடு மட்டும் பதிலாக வந்தது. நானே கட்டினேன். புகைச் சான்று காலாவதியாகியிருந்தது, அதையும் எடுத்தேன். காப்பீடு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

இத்தனையும் முடிந்தபிறகே விளம்பரம் போட்டேன். விலை 2,75,000. பம்பர் கீறலையும் படம் எடுத்துப் போட்டேன். வந்து பார்க்கிறவர் கண்ணில் எப்படியும் படத்தான் போகிறது.

முதல் நாளே நாற்பது அழைப்புகள். முக்கால்வாசிப் பேர் வணக்கம்கூடச் சொல்லாமல் “லாஸ்ட் ரேட் என்ன?” என்றார்கள். வண்டியைப் பார்க்காமலே விலை கேட்கிறவர் வாங்க மாட்டார் என்பது இரண்டாம் நாளிலேயே பிடிபட்டது. ஒருவர் மட்டும் மிக மரியாதையாகப் பேசினார். ராணுவத்தில் இருக்கிறாராம், மாற்றலாகி வருகிறாராம், வண்டியைப் பார்க்கவே வேண்டாம், படத்திலேயே பிடித்துவிட்டதாம். அட்வான்ஸ் இருபதாயிரம் உடனே அனுப்புகிறேன் என்று ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்பினார். “ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க மேடம், பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்.” பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, போட்டால் நம் பணம்தான் போகும். பேரம் பேசாமல் ஒருவர் கார் வாங்குகிறார் என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோயம்புத்தூரில் அப்படி யாரும் பிறந்ததில்லை.

நேரில் வந்தவர்கள் ஏழு பேர். வீட்டுக்குள் யாரையும் கூப்பிடவில்லை. பகலில், மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் அருகே வரச் சொன்னேன். ஓட்டிப் பார்க்கும் முன் லைசென்ஸைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டேன். ஒரு இளைஞர் முகம் சுளித்து, அப்படியே போய்விட்டார். போகட்டும். ஓட்டும்போது நான் முன்சீட்டில், அப்பா பின்சீட்டில். இன்னொருவர், “நீங்க இங்கயே நில்லுங்க, நான் மட்டும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்” என்றார். பதில் சொன்னது அப்பா: “வண்டியோட நாங்களும் வருவோமுங்க, அது கம்பெனி செட்டிங்.”

அப்புறம் புரோக்கர் ஒருவர் வந்தார். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தடுமாறியது இவரிடம்தான். 2,50,000 தருகிறேன், இன்றைக்கே, என்றார். பையில் 29, 30 ஃபார்ம்கள் தயாராக இருந்தன. நான் கையெழுத்துப் போட்டால் போதும். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லா இடமும் காலி. “பார்ட்டி ரெடியா இருக்குதுங்க மேடம், பேரை நான் எழுதிக்கிறேன். ஊரே இப்படித்தான் பண்ணுது.” 29 என்பது, இந்த வண்டியை இன்னாருக்கு விற்றுவிட்டேன் என்று ஆர்.டி.ஓ.வுக்கு நாம் கொடுக்கும் தகவல். 30, அவர் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லும் விண்ணப்பம். இரண்டிலும் நம் கையெழுத்து உண்டு. இன்னார் என்ற இடத்தைக் காலியாக விட்டால் யாருக்கு விற்றேன் என்று எனக்கே தெரியாது. மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் முப்பது நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். காலி ஃபார்மை வைத்துக்கொண்டு எதைத் தெரிவிப்பது?

மாட்டேன் என்றேன். புரோக்கர் போனதும் அப்பா இரண்டு மணி நேரம் பேசவில்லை. அப்புறம், “வந்த லட்சுமியத் துரத்தி உட்டுட்டயே கண்ணு” என்றார்.

வண்டியை வாங்கியவர் துடியலூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர். மனைவியோடும் ஒரு மெக்கானிக்கோடும் வந்தார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் துருவினார். கிளட்ச் இன்னும் ஒரு வருடம்கூடத் தாங்காது என்றார். அது உண்மைதான், நானே சொல்லியிருந்தேன். 2,40,000-க்கு முடிந்தது. பத்தாயிரம் அட்வான்ஸை யு.பி.ஐ.யில் அனுப்பினார். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியபோது, “ஒரு நிமிஷமுங்க” என்று என் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தபிறகே தலையாட்டினேன்.

மீதியைப் பணமாகத் தருகிறேன் என்றார். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ஒரே விற்பனைக்கு ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. தவிர, அத்தனை நோட்டை எண்ணி, நல்ல நோட்டா என்று பார்த்து, வீடு கொண்டு போய்ச் சேர்ப்பது யார்? அவருடைய வங்கியிலேயே சந்தித்தோம். அங்கிருந்து ஆர்.டி.ஜி.எஸ். செய்தார். என் கணக்கில் 2,30,000 ஏறியதைக் கண்ணால் பார்க்கும் வரை சாவி என் கைப்பையில்தான் இருந்தது. இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், நல்ல மனிதர்.

நல்ல மனிதராக இருந்தாலும் ஒரு நிபந்தனை வைத்தேன். பேசிய விலைக்கு மேல் பத்தாயிரம் டெபாசிட்டாக என்னிடம் இருக்கட்டும். பெயர் மாறிய ஆர்.சி.யைக் காட்டும் அன்றே திருப்பித் தருகிறேன் என்றேன். “நம்பிக்கை இல்லீங்களா டீச்சர்?” என்று அவர் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கூசியது. அவர் மனைவிதான், “குடுத்துருங்க, அப்பத்தான் நீங்க சீக்கிரம் மாத்துவீங்க” என்றார். வீட்டுக்காரரை அறிந்தவர்!

அவர் பெயர், முகவரி நிரப்பிய ஃபார்ம்களில்தான் கையெழுத்துப் போட்டேன், எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டேன். டெலிவரி நோட் ஒன்றை இரண்டு பிரதி எழுதினோம்: வண்டி எண், விலை, டெபாசிட், தேதி, ஒப்படைத்த நேரம் பகல் 12.40. நேரம் எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அன்று மாலையே எங்காவது சிக்னலைத் தாண்டினால் அது யார் கணக்கு என்று சொல்ல அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர் எல்லாம் சரிபார்த்துக் கொடுத்தோம். ஸ்டீரியோவில் இருந்த என் போன் தொடர்புகளை அழித்தேன். அப்பா டாஷ்போர்டுப் பிள்ளையாரைப் பெயர்த்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒட்டியிருந்த பசை அங்கே வட்டமாக நின்றது. வண்டி திருப்பத்தில் மறையும் வரை பார்த்துவிட்டு, “ரெண்டாவது கியர்ல கொஞ்சம் மெதுவாப் போடோணும்னு சொன்னயா?” என்று கேட்டார்.

மறுநாள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். இது பலருக்குத் தெரிவதில்லை: க்ளெய்ம் இல்லாமல் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டியோடு போகாது, அது நம்முடையது. எனக்கு 50 சதவீதம் சேர்ந்திருந்தது. விற்றதற்கான ஆதாரத்தைக் கொடுத்து அதற்கொரு கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் வேறு கார் வாங்கும்போது பயன்படுத்தலாம். பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றுவது வாங்கியவர் பொறுப்பு. இதற்கும் பதினான்கு நாள் கெடு உண்டு என்பதால் அவருக்கு இரண்டு முறை நினைவூட்டினேன்.

பெயர் மாற்றத்துக்குப் பரிவாகனில் விண்ணப்பித்தபோது ஓ.டி.பி. எனக்கு வந்தது. வெறும் எண்ணைப் போனில் சொல்லிவிடாமல், அவர் கடையிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பார்த்தபிறகு கொடுத்தேன். இருபத்தாறாம் நாள் இணையத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் உரிமையாளர் பெயரின் முதல் எழுத்து மாறியிருந்தது. அன்று மாலையே பத்தாயிரத்தை அனுப்பினேன்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து போன். “டீச்சர், புது ஃபாஸ்டேக் குடுக்க மாட்டேங்கறாங்க, பழசு ஒண்ணு இருக்குதாமா?” கண்ணாடியிலிருந்து அந்தச் சுங்கச்சாவடி ஸ்டிக்கரைக் கிழித்துப் போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்திருக்கிறேன். கணக்கு என் பெயரில் உயிரோடு இருந்திருக்கிறது. டேக் கொடுத்த வங்கிக்குப் போன் போட்டு அதை மூட மூன்று நாள் ஆனது. உள்ளே கிடந்த 340 ரூபாயும் டேக்குக்குக் கட்டிய டெபாசிட்டும் திரும்பி வந்தன.