கோபோலிலிருந்து ஜாவாவுக்கு: மொழியைவிடத் தரவுதான் படுத்தியது

எங்கள் அலுவலகத்தின் வட்டிக் கணக்கீட்டு நிரல்களில் பெரும்பகுதி கோபோல் என்ற பழைய நிரல்மொழியிலிருந்து ஜாவா என்ற புதிய மொழிக்கு மாறி, மாத இறுதி அறிக்கை பழையதோடு ஒரு காசு வேறுபாடும் இல்லாமல் ஒத்துப்போயிருக்கிறது. நிரல்களை மாற்றி எழுதிய கட்டம் திட்டமிட்டபடியே முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்களைப் படாதபாடு படுத்தியது தரவுதான்.

முதல் அடி கோப்பு மாற்றத்தில் விழுந்தது. பழைய நிரல்கள் ஓடும் பெரிய கணினியான மெயின்ஃபிரேமை நிர்வகிக்கும் குழுவினர் கணக்குக் கோப்பை டெக்ஸ்ட் முறையில் அனுப்பியதால், அந்தக் கணினி எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் எப்சிடிக் குறியீடுகள் எல்லாம், மற்ற கணினிகள் பயன்படுத்தும் ஆஸ்கி குறியீடுகளாக வழியிலேயே மாறிவிட்டன. பெயர், முகவரிக்கு அது சரிதான். தொகைகளோ எழுத்துகளாக இல்லாமல், காம்ப்-3 என்ற கோபோலின் சுருக்க எண் வடிவில், ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாகவும் கடைசி அரைபைட்டில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடும் அடைக்கப்பட்டிருந்தன. 12405 என்ற தொகை அதில், பதினாறடிமான எண்முறையில் எழுதினால், 12 40 5சி என்று இருக்கும்; கடைசி சி கூட்டல் குறி. எப்சிடிக்கில் 40 என்பது இடைவெளி, 5சி என்பது நட்சத்திரக் குறி. ஆஸ்கியில் அவை முறையே 20, 2ஏ. ஆகவே எங்கள் கைக்கு வந்தது 12 20 2ஏ. கடைசியில் நிற்கும் ஏ என்பதும் செல்லுபடியாகும் கூட்டல் குறியே என்பதால், நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் அதை 12202 என்று படித்துக்கொண்டது. பிழைச்செய்தி ஒன்று வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்போம்.

புகார் செய்தபோது, பதிவுகளின் எண்ணிக்கை பொருந்துகிறது என்று ஒற்றை வரியில் பதிலளித்துக் கோரிக்கையை முடித்துவிட்டார்கள். மறுபடி எழுதியதற்கும் அதே பதில்தான். பழைய, புதிய பைட்டுகளை அருகருகே அச்சிட்டு நேரில் காட்டிய பிறகே கோப்பு பைனரி முறையில், அதாவது பைட்டுகள் எதுவும் மாறாமல் வந்தது. பைனரியாகவே கேட்டு வாங்குங்கள். புலங்களின் அமைப்பைச் சொல்லும் காப்பிபுக் கோப்பைப் பார்த்து, எழுத்துப் புலங்களை மட்டும் உங்கள் பக்கத்தில் ஆஸ்கியாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடைசிக் காசு. கோபோலில் கணக்கீட்டு வரியில் ரவுண்டட் என்ற சொல்லைக் குறிப்பிடாவிட்டால் விடை முழுமையாக்கப்படாது, வெட்டப்படும்: இரண்டு தசம இடங்கள் உள்ள புலத்தில் 10.567 என்பது 10.56 ஆகவே அமரும். ஜாவாவில் பிக்டெசிமல் என்ற தசம எண் வகையை, பாதியையும் அதற்கு மேலானதையும் மேலே ஏற்றும் வழக்கமான ஹாஃப்-அப் முறையில் எழுதியிருந்ததால் 10.57 வந்தது. புதிய விடைதான் துல்லியமானது என்று எங்கள் குழுவிலேயே வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் வாடிக்கையாளரின் கணக்கு இத்தனை காலமும் 10.56-ஐ நம்பி நடந்திருக்கிறது, அதை மாற்றும் உரிமை நிரலாளருக்கு இல்லை என்பதே என் உறுதியான கருத்து. எந்த வரியில் ரவுண்டட் இருக்கிறது, எதில் இல்லை என்று ஒவ்வொரு கணக்கீட்டையும் பார்த்து, இல்லாத இடங்களில் வெட்டிவிடும் டவுன் முறையை இட்டோம். தொகைக்கு ஜாவாவின் டபுள் என்ற இரும எண் வகையை நினைத்தும் பார்க்காதீர்கள், 0.1 கூட அதில் சரியாக அடங்காது. பிக்டெசிமல் எண்களை ஒப்பிடும்போது தசம இடங்களின் எண்ணிக்கையையும் பார்க்கும் ஈக்வல்ஸ் கட்டளை வேண்டாம், மதிப்பை மட்டும் பார்க்கும் கம்பேர்-டூ போதும், 10.5-ஐயும் 10.50-ஐயும் வெவ்வேறு என்று சொல்லி ஈக்வல்ஸ் எங்களை வீணாக அலைக்கழித்தது.

வரிசைப்படுத்தலும் மாறும்: எப்சிடிக்கில் எழுத்துகளுக்குப் பின்பே எண்கள் வரும், ஆஸ்கியில் எண்கள் முதலில் வரும். கிளைக் குறியீடுகளில் இரண்டும் கலந்திருந்தால், இரு அறிக்கைகளையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடத் தொடங்குங்கள்.

தீராமல் நிற்பது ஒன்றே ஒன்று. அபராத வட்டியைக் கணக்கிடும் நிரலுக்கு நிரல் நூலகத்தில் இருக்கும் மூலநிரலும் (நிரலாளர் எழுதிய வடிவம்), உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலும் ஒன்றல்ல. ஓடும் நிரலைக் கம்பைல் செய்த (இயந்திர வடிவத்துக்கு மாற்றிய) தேதி மூலநிரலின் கடைசித் திருத்தத்துக்குப் பிந்தையது, தரும் விடைகளும் வேறு. திருத்தப்பட்ட மூலநிரல் யாரிடமும் இல்லை. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே இந்தத் தேதிகளை நிரல்வாரியாகச் சரிபார்த்துவிடுங்கள். அந்த நிரலின் உள்ளீடுகளையும் வெளியீடுகளையும் சேகரித்து, விதியை அவற்றிலிருந்தே கண்டறியும் வேலையில் இப்போது இருக்கிறோம். அது முடியும்வரை அந்த ஒரு நிரல் பழைய இயந்திரத்திலேயே ஓடும்.