செவ்விளநீரின் இனிப்பும் முகவரி தெரியாத தந்தையும்

எங்கள் ஊரில் வித்துத் தேங்காய் தெரிந்தெடுக்கிறவர்கள் காயின் பருமனையும் குலையின் காய்ப்பையும் பார்ப்பார்களே தவிர, அந்த மரத்து இளநீரைக் குடித்துப் பார்த்து முடிவெடுத்ததை நான் கண்டதில்லை. பாலுக்கும் எண்ணெய்க்கும் தென்னை வைப்பவருக்கு அது சரியான அளவுகோல்தான். வளவில் இளநீருக்கென்றே இரண்டு மரம் வைக்க விரும்புகிறவருக்கு அது போதாது.

இனிப்பில் காயின் வயதுக்கும் பெரும் பங்குண்டு. ஏறத்தாழ ஆறாம் ஏழாம் மாதங்களில் நீரின் சர்க்கரை உச்சத்தை அடைகிறது. அப்போது குளுக்கோசும் பிரக்டோசும் மேலோங்கியிருக்கும். காய் முற்ற முற்ற மொத்தச் சர்க்கரை குறைந்து, எஞ்சியதில் சுக்ரோசின் பங்கு கூடும். ஆகவே ஒரு மரத்து வழுக்கையையும் இன்னொரு மரத்தின் முற்றத் தொடங்கிய முட்டுக்காயையும் குடித்துவிட்டு இனங்களை ஒப்பிடுவது வீண்வேலை.

வயதைச் சமப்படுத்திய பின்பும், செம்மஞ்சள் காய் காய்க்கும் இலங்கைத் தென்னையான செவ்விளநீர் தனித்தே நிற்கிறது. 1958இல் இலங்கைத் தென்னைகளை வகைப்படுத்திய லியனகே, இதை நெட்டையோடும் குட்டையோடும் சேர்க்காமல் தனி வகையாகவே வைத்தார். நெட்டைத் தென்னையில் ஒரு பாளையின் ஆண்பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்த பின்னரே பெண்பூக்கள் பக்குவமடைவதால், மகரந்தம் எந்த அயல்மரத்திலிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. செவ்விளநீரில் இரு பருவங்களும் ஒன்றோடொன்று மேவி வருவதால் அது பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையே செய்கிறது. பிள்ளையும் தாயைப் போலவே அமைகிறது.

தந்தையின் செல்வாக்கு பிள்ளையோடு நின்றுவிடுவதுமில்லை. நாம் குடிக்கும் நீரும் உண்ணும் வழுக்கையும் வித்தகவிழையம், அதாவது விதைக்குள் கருவுக்கு உணவாகும் பகுதி. அதில் தாயிடமிருந்து இரண்டு தொகுதி நிறமூர்த்தங்களும் (குரோமோசோம்களும்) தந்தையிடமிருந்து ஒன்றும் இருக்கின்றன. தாய்லாந்தின் நறுமண இளநீர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாசுமதி அரிசியில் பழுதுபட்டு மணத்தைத் தரும் அதே மரபணு இங்கும் பழுதுபட்டதால் உண்டான மணம் அது; அயல் நெட்டையின் மகரந்தம் பட்டால் அந்தக் காயிலேயே மணம் குன்றிவிடும். மணம் ஒரே மரபணுவைப் பொறுத்தது என்பதால் அதைத் தொடர்ந்து செல்வது எளிது. இனிப்போ பல மரபணுக்கள் கூடித் தீர்மானிப்பது. கலப்பினத்தில் அதை நிலைநிறுத்தப் பல தலைமுறைகள் வேண்டும், நெட்டையோ காய்க்கவே ஆறேழு ஆண்டுகள் எடுக்கும்.

கறுத்தக்கொழும்பான் மாங்கன்றைப் போல ஒட்டி வளர்க்கவும் தென்னையில் வழியில்லை. லுணுவிலவிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் கலப்பினங்கள் பெரும்பாலும் காய் விளைச்சலையும் கொப்பறாவையும் முன்னிறுத்தி உருவானவை. அதில் குறை சொல்ல எதுவுமில்லை, நாட்டின் தேவை அதுவாக இருந்தது. இளநீருக்கென ஒரு தெரிவு இனியாவது தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

அதுவரை செய்யக்கூடியது இதுதான். செவ்விளநீர் மரங்கள் கூட்டமாக நிற்கும் வளவில், நடுவிலுள்ள மரமொன்றின் இளநீரைச் சரியான வயதில் சுவைத்துப் பார்த்து, அதே மரத்தில் முற்றிய காய்களை நாற்றுமேடையில் இடுங்கள். முளைத்துவரும் பிள்ளைகளில் ஓலைக்காம்பு செம்மஞ்சளாக இல்லாமல் பச்சையாகவோ கபிலமாகவோ இருப்பவை அயல்மகரந்தத்தில் பிறந்தவை. அவற்றை, எவ்வளவு செழிப்பாக நின்றாலும், கழித்துவிடுங்கள்.