எப்போதும் மூன்றில் இரண்டு பங்கு

எங்கள் மோட்டார் ஹோமில், அதாவது சக்கரம் வைத்த வீடு மாதிரியான வண்டியில், அடுப்புக்கு மேலே ஒரு சின்ன பேனல் உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்தால் விளக்குகள் எரியும். எத்தனை எரிகிறதோ அதை வைத்துத் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுசு. அதற்குத் தெரிந்த கணக்கு இந்த நாலே நாலுதான். அந்த நாலையும் தப்பாகச் சொல்லும்.

வண்டியை இவர்தான் பீனிக்ஸில் பழையதாக வாங்கி வந்தார். வாங்குவதற்கு முன் ஏசி, ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தவர், கறுப்புத் தொட்டி மூன்றில் இரண்டு காட்டியபோது மட்டும், "பாவம், கொட்ட மறந்துட்டாங்க போல" என்று விட்டுவிட்டாராம். யாரும் மறக்கவில்லை. ஒரு வருஷமாகக் கொட்டிக் கொட்டிக் கழுவியும் அந்தத் தொட்டி மூன்றில் இரண்டை விட்டு இறங்கவில்லை. இத்தனை உறுதியான மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை எந்தச் சட்டசபையிலும் யாருக்கும் கிடைத்திருக்காது.

மோட்டார் ஹோம் பழக்கமில்லாதவர்களுக்காக: இதில் மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று, 40 கேலன், நம் கணக்கில் 150 லிட்டர். பாத்திரம் கழுவும் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் போய்ச் சேருவது சாம்பல் தொட்டி. டாய்லெட்டுக்கு நேர் கீழே இருப்பது கறுப்புத் தொட்டி. பெயர்க்காரணம் கேட்காதீர்கள்.

2024 ஏப்ரலில் சேலத்திலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். மாமா பொதுப்பணித்துறையில் இருந்தவர், மேட்டூரிலேயே பல வருஷம். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் காலையில் அணை நீர்மட்டம் பார்க்காமல் அவருக்குக் காபி இறங்காது. அமெரிக்கா வந்ததும் எல்லோரும் டிஸ்னிலேண்ட் கேட்பார்கள். இவர் அணை கேட்டார். சரி, பேஜ் என்ற ஊரில் இருக்கும் கிளென் கேன்யன் அணைக்குப் போவோம் என்று நாலு நாள் பயணம் போட்டோம்.

கிளம்புகிற அன்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வைத்தியம் சொன்னார். கறுப்புத் தொட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, மலைப்பாதையில் ஓட்டினால், கட்டிகள் உருண்டு சென்சாரில் ஒட்டியிருப்பதைத் தேய்த்து எடுத்துவிடுமாம். இரண்டு மூட்டை ஐஸ் வாங்கினோம். கடைப் பையன் "பார்ட்டியா?" என்று கேட்டான். டாய்லெட்டுக்கு என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்றோம்.

பீனிக்ஸ் சுமார் 1,100 அடி உயரம், ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி. ஏற ஏறப் பின்னால் கடகடவென்று சத்தம். வைத்தியம் வேலை செய்கிறது என்று இவருக்கு ஒரே சந்தோஷம். மாமா மட்டும் ஜன்னல் வழியே பார்த்தபடி, "ஐஸ் மிதக்குமேம்மா, அடியில இருக்கிறதை அது எப்படித் தேய்க்கும்?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. ஃபிளாக்ஸ்டாஃபில் நிறுத்தி அழுத்திப் பார்த்தோம். மூன்றில் இரண்டு. இப்போது ஜில்லென்று மூன்றில் இரண்டு.

அங்கேயே நல்ல தண்ணீர் பிடித்தோம். அந்தத் தொட்டிக்கு நேர்மாறான வியாதி. எவ்வளவு ஊற்றினாலும் மூன்றில் ஒன்றுக்கு மேல் காட்டாது. "இன்னும் பிடிக்கும், இன்னும் பிடிக்கும்" என்று இவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் பீறிட்டு அவருடைய ஷூவை நிறைத்தது. அதுதான் சரியாக வேலை செய்த ஒரே சென்சார். ஊரில் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்தைக் கேட்டு மோட்டாரை நிறுத்துவோமே, அதேதான்.

பேஜில், அந்த அணை தேக்கிவைத்திருக்கும் பாவெல் ஏரிக்கரையில் தங்கினோம். தண்ணீர், கழிவு இணைப்புள்ள இடங்கள் நிரம்பிவிட்டதால் இணைப்பில்லாத இடம்தான் கிடைத்தது. அதாவது, இருக்கிற தொட்டிகளை வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும். மறுநாள் காலை எழுந்தால் ஃபிரிட்ஜ் கதவில் மாமாவின் கையெழுத்தில் ஒரு தாள்.

"காலை 7 மணி நிலவரம். நல்ல தண்ணீர்: மூன்றில் ஒன்று (நம்ப வேண்டாம்). நீர்வரத்து: இல்லை. வெளியேற்றம்: அரிசி களைந்தது 3 முறை, மருமகள் குளியல் 4 நிமிடம், பேரன் பல் துலக்கும்போது குழாயை மூடவில்லை. கறுப்பு: டார்ச் அடித்துப் பார்த்ததில் பாதிக்கும் கீழே."

டார்ச் விஷயம் உண்மை. இந்த வண்டி டாய்லெட்டில் பெடலை மிதித்தால் தொட்டி நேராகத் தெரியும். வேறு யாருக்கும் அதற்கு மனசு வரவில்லை. மாமா மதகுக்குள் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி தினம் இரண்டு வேளை பார்த்தார்.

சாம்பல் தொட்டியை மட்டும் எல்லோரும் நம்பினோம். மூன்றில் ஒன்று என்றால் மூன்றில் ஒன்று இருக்கும் என்று நினைத்தோம்.

அன்று சாயங்காலம் அத்தை சாம்பார் வைத்து, பாத்திரம் எல்லாம் கழுவி முடித்தார். இவர் குளிக்கப் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "சோப்பு நுரை போகவே மாட்டேங்குது" என்று குரல். அப்புறம், "தண்ணி மஞ்சளா இருக்கு." பிறகு ஒரு நொடி அமைதி. "ஏய், இங்க கறிவேப்பிலை மிதக்குது!"

கதவைத் திறந்து பார்த்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு, கணுக்கால் வரை சாம்பார்த் தண்ணீரில் நிற்கிறார். கடுகு இரண்டு அவர் கட்டை விரலைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. சாம்பல் தொட்டி நிரம்பிவிட்டால் தண்ணீர் வண்டியிலேயே தாழ்வான வடிகால் வழியாகத்தான் மேலே வரும். அது குளியலறைத் தரை. பேனலை அழுத்தினேன். மூன்றில் ஒன்று என்றது, கூசாமல்.

வெளியே நாற்காலியில் இருந்த மாமா எழுந்துகூட வரவில்லை. "அபாய அளவைத் தாண்டிடுச்சு. கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அங்கிருந்தே அறிவித்தார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களுக்கு வந்தது.

அன்று ராத்திரியே, வண்டிகளின் கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனுக்குப் போனோம். கறுப்பை முதலில் திறந்துவிட்டு, சாம்பலைப் பிறகு திறக்க வேண்டும். அப்போதுதான் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். அந்த ஒரு வகையில் சாம்பல் தொட்டி முட்ட முட்ட நிறைந்திருந்தது உபகாரம்தான்.

மறுநாள் காலை நான் மல்டிமீட்டரை எடுத்தேன். வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது நான்தான், இவர் டார்ச் பிடிப்பார். இந்த முறை டார்ச்சும் மாமா வசம்.

சென்சார் என்றவுடன் பெரிதாக நினைக்க வேண்டாம். தொட்டியின் பக்கச் சுவரில் அடியில் ஒன்று, அதற்கு மேல் வெவ்வேறு உயரத்தில் மூன்று எவர்சில்வர் போல்ட். அவ்வளவுதான் சென்சார். தண்ணீர் ஏறி அடி போல்ட்டையும் மேல் போல்ட்டையும் சேர்த்து நனைத்தால், தண்ணீர் வழியாகக் கொஞ்சூண்டு மின்சாரம் ஓடும், பேனலில் விளக்கு எரியும். எத்தனாவது போல்ட் வரை நனைகிறதோ அத்தனை விளக்கு. யோசித்தவர் கெட்டிக்காரர்தான். ஆனால் தொட்டிக்குள் வெறும் தண்ணீர் மட்டும்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறார்.

பேனலில் கோளாறா, ஒயரிலா, போல்ட்டிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை அடி போல்ட்டில் மாட்டி, மறு முனையால் மேல் போல்ட்டுகளை வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். தண்ணீர் பார்க்க வேண்டிய வேலையை ஒயர் பார்க்கும். மகனைப் பேனல் பொத்தானில் நிறுத்திவிட்டு, கட்டிலுக்கு அடியில் நல்ல தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். தொட்டேன். "ரெண்டு!" என்றான். அடுத்ததைத் தொட்டேன். "ஃபுல்!" ஆக, பேனல் யோக்கியம். ஒயரும் சரி. திருடன் போல்ட்தான்.

மிச்சத் தண்ணீரை வாளிகளில் இறக்கிவிட்டுப் போல்ட்டைக் கழற்றினேன். உள்முனையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு குல்லா. பீனிக்ஸ் தண்ணீரின் கைங்கரியம். எங்கள் வீட்டுக் கெட்டிலின் அடியிலும் இதே படிவுதான். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு எலுமிச்சை அளவு புளியைக் கையில் கொடுத்தார். "இதைப் போட்டு விளக்கு. பித்தளையே பளபளன்னு ஆவுது, இது என்ன?" புளியில் ஊறவைத்தேன், கத்தியாலும் சுரண்டினேன். பளிச்சென்று வந்தது புளியாலா கத்தியாலா என்பதில் வீட்டில் இன்றுவரை இரண்டு கட்சி. திரும்ப மாட்டித் தண்ணீர் பிடித்தபோது நாலு விளக்கும் எரிந்தன. ராக்கெட் விட்ட மாதிரி கைதட்டினோம்.

சாம்பல் தொட்டிக்கு அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியிருந்தது. அங்கே மேல் இரண்டு போல்ட்டின் ஒயர்முனைகளும் பச்சையாகக் களிம்பேறி, ஒன்று தனியாகவே தொங்கியது. உப்புத்தாளால் தேய்த்துப் புது முனை போட்டதில் பத்து நிமிடத்தில் முடிந்தது. கறிவேப்பிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அத்தையிடம் சொன்னபோது அவருக்குப் பெரிய நிம்மதி.

கறுப்புத் தொட்டிதான் பாக்கி. முந்தின ராத்திரி சுத்தமாகக் கொட்டிய தொட்டி. மூன்றில் இரண்டு போல்ட்டின் ஒயரைக் கழற்றினேன், விளக்கு அணைந்தது. மாட்டினேன், எரிந்தது. அப்படியென்றால் உள்ளே சுவரில் போல்ட்டிலிருந்து போல்ட்டுக்கு ஈரமாக ஏதோ ஒட்டிக்கொண்டு பாலம் போட்டிருக்கிறது. அந்த ஏதோவைக் கழற்றிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. டாய்லெட் பேப்பர் என்று வைத்துக்கொள்வோம்.

கையைக் கழுவிக்கொண்டு, அதையும் நிமிடக் கணக்குப் பார்த்துக் கழுவிக்கொண்டு, அணைக்குப் போனோம். கிளென் கேன்யன் அணை 710 அடி உயரம். மாமா பாலத்தில் நின்று கீழே பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு போனில் ஏதோ பெருக்கி, "முழுசா நிறைஞ்சா ஆயிரம் டி.எம்.சி.க்கு மேல வருதும்மா. நம்மது 93.47" என்றார். பத்து மேட்டூருக்கும் மேல். குரலில் லேசாக ஒரு பொறாமை இருந்தது.

ஏரியைச் சுற்றிலும் சிவப்புப் பாறையில் வெள்ளையாக ஒரு பட்டை ஓடுகிறது, நூறு அடி உயரத்துக்கும் மேல். தண்ணீர் முன்பு நின்ற மட்டம் அது. வறட்சியில் தண்ணீர் இறங்க, அதிலிருந்த உப்புகள் பாறையில் படிந்து நின்றுவிட்டன. மாமா அதைக் காட்டி, "உன் போல்ட்ல இருந்ததே, அதானே இது?" என்றார்.

"அதேதான் மாமா."

"இதுக்கு எவ்வளவு புளி ஆகும்?"

வீடு திரும்பும் வழியில் ஐஸுக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை ஊற்றி, கறுப்புத் தொட்டியை முக்கால்வாசி தண்ணீரால் நிரப்பி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, ஆட்டி ஆட்டி ஓட்டி வந்து கொட்டினோம். அழுத்திப் பார்த்தால், காலி. ஒரு வருஷத்தில் முதல் தடவை. யாரும் நம்பவில்லை. மாமா டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சரியாத்தான் சொல்லுது" என்று சான்றிதழ் கொடுத்த பிறகுதான் இவர் குளிக்கப் போனார். அப்போதும் செருப்போடு.

ஜூலை கடைசியில் சேலத்திலிருந்து போன். ஹலோகூடச் சொல்லவில்லை.

"மேட்டூர் 120 அடி தொட்டுடுச்சும்மா! நிறைஞ்சிடுச்சு! உன்னுது எப்படி இருக்கு?"

அதற்கு முந்தின வாரம்தான் ஒரு பயணம் போய்விட்டு வந்து கொட்டிக் கழுவியிருந்தோம். போனைக் காதில் வைத்துக்கொண்டே வண்டிக்குள் ஏறிப் பொத்தானை அழுத்தினேன்.

"மூன்றில் இரண்டு, மாமா."

"டார்ச் அடிச்சுப் பாத்தியா?"