சக்கரம் நேர், ஹேண்டில்பார் கோணல்

என் மோட்டார் சைக்கிள் விழுந்த அன்று கண்ணில் பட்டதெல்லாம் நொறுங்கிய முகப்பு விளக்கும் ஒடிந்த பிரேக் லீவரும்தான். இரண்டையும் மாற்ற ஒரு மாலை போதுமானதாக இருந்தது. மறுநாள் மெல்ல உருட்டிப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. முன் சக்கரம் நேராக இருக்க, ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்பி நின்றது.

சேசிஸ் வளைந்திருந்தால் வீட்டில் கைவைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். சேசிஸில் ஹேண்டில்பார் பொருந்தும் ஸ்டீயரிங் தலைப்பகுதியின் பற்றவைப்புகளை விளக்கடித்துப் பார்த்தேன். பெயின்ட் எங்கும் சுருங்கவோ வெடிக்கவோ இல்லை. அடுத்து, முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் கால்களான ஃபோர்க்கின் கவ்விப் போல்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பினேன். சிறிய விபத்து என்றால் பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். எனக்குப் பாதிதான் சரியானது.

ஃபோர்க்கைக் கழற்றி, உள்குழாய்களைத் தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டினேன். இடது குழாய் சீராக ஓடியது. வலது குழாய் உருள உருள, அடியில் ஒரு கீற்று வெளிச்சம் தோன்றித் தோன்றி மறைந்தது. கண்ணால் மட்டும் பார்த்திருந்தால் நேர் என்றே சத்தியம் செய்திருப்பேன்! பட்டறையில் நிமிர்த்தித் தருவதாகச் சொன்னார்கள்; மறுத்துவிட்டேன். நிமிர்த்தும்போது முலாம் வெடித்தால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலைக் கிழித்துவிடும். வளைந்து நிமிர்ந்த இரும்பை நம்பி வேகமாகப் போக எனக்கு மனம் வராது. புதுக் குழாயும் இரு பக்கத்துக்கும் புதுச் சீலும் போட்டேன். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயை முழுக்க அமுக்கிவைத்து, ஃபோர்க் ஆயிலின் மட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் இரு பக்கமும் ஒன்றாக்கினேன்.

பூட்டும்போது ஒரு தவறு செய்தேன். சக்கர அச்சான ஆக்சிலை முறுக்கிய கையோடு அதைக் கவ்வும் அடிப் போல்டையும் இறுக்கிவிட்டேன். ஃபோர்க் அமுங்கிவிட்டு எழும்பத் தயங்கியது. மீண்டும் அந்த அடிப் போல்டைத் தளர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஏழெட்டு முறை அமுக்கி எடுத்தேன். ஃபோர்க்கின் இரு கால்களும் தாமாக இணையாகின. அதன் பிறகே முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கினேன். இந்த வரிசையைத் தயவுசெய்து யாரும் மாற்றாதீர்கள்.

ஆளில்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஹேண்டில்பார் நேராக நின்றது. 100 கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா போல்டுகளையும் மறுபடி சரிபார்த்து, குழாய்களை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் எண்ணெய்க் கறை இல்லை.