தலை மட்டும் தப்பிச்ச கிளி

மூணு மாசமா எங்க வீட்டுச் சாம்பல் கிளி நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டுக்கிட்டு இருந்தது. கூண்டுக்கு அடியில தினமும் ஒரு கைப்பிடி. இறகு உதிர்ற பருவம்னு நினைச்சு விட்டுட்டேன். தப்பு. அந்தப் பருவத்துல பழசு விழ விழ புதுசு முளைக்கும். இப்படிச் சொட்டையா தோல் தெரியாது.

மருத்துவர் முதல்ல பார்த்தது தலையை. உடம்பு மொட்டை, தலை மட்டும் பளபள. சொந்த அலகு சொந்தத் தலைக்கு எட்டாதில்லையா? அப்போ பிடுங்குறது இதுவேதான். தலையிலயும் இறகு போயிருந்தா, கூட இருக்குற பறவையையோ வைரஸ் நோயையோ சந்தேகப்படணுமாம்.

'போரடிக்குது போல'ன்னு நானா முடிவு கட்டி பொம்மையா வாங்கிப் போட்டிருந்தேன். அவர் ரத்தம், எச்சம், தோல் எல்லாம் சோதிச்ச பிறகுதான் அதோட மனசைப் பத்திப் பேசினார். ஒட்டுண்ணி, கல்லீரல் கோளாறு, துத்தநாகம் பூசின கம்பியைக் கடிச்சு ஏறின நஞ்சு, வெறும் விதையா தின்னு வந்த வைட்டமின் ஏ குறைபாடு... எதுவா வேணா இருக்கலாம். எங்களுக்கு அந்தக் கடைசி. கூடவே தூக்கக் குறைவு. ராத்திரி 11 மணி வரைக்கும் டிவி பக்கத்துல கூண்டு! அதுக்கு 10-12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேணும்.

இப்போ காய்கறி, பெல்லட்ங்கிற சத்துத் தீனி உருண்டை, தண்ணித் தெளிப்பு. தீனியைக் காகிதத்துல சுருட்டி ஒளிச்சு வைக்கிறேன். கிழிக்கிற வெறியெல்லாம் அதுல போகுது. கஷ்டம், பிடுங்கும்போது "ஏய்!"னு கத்தாம இருக்கிறதுதான். கத்தினா நம்ம கவனம் கிடைக்குதுன்னு இன்னும் பிடுங்கும். இதை நான் பழகத்தான் ரொம்ப நாளாச்சு.

நெஞ்சுல முள்ளு முள்ளா புது இறகு வருது. இடது தோள்ல ஒரு இடம் மட்டும் இன்னும் வெறுமையா இருக்கு. இறகோட வேர்ப்பை கெட்டுட்டா திரும்ப முளைக்காதாம்.